பலகை அசையாத மாலை

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டிய கதை சொல்கிறேன். பலகை பாவிய மொட்டைமாடியில், முக்காலிமேல் இருக்கும் கேமரா சில நொடிக்கொரு தரம் 'க்ளிக்' என்கிறது. பொழுது மலைக்குப் பின்னால் சாய்ந்து முதல் நட்சத்திரம் முளைக்கிறவரை எடுக்கும் படங்களைக் கோத்து, அரை நிமிடத்தில் ஓடவிடப் போகிறாள் ஒரு தையல்காரி. நேற்று யாரோ நடந்ததில் பலகை அதிர்ந்து எடுத்த படமெல்லாம் குலுங்கிப்போயிற்று. இரவல் கேமரா, நாளை அக்காவிடம் திரும்பிவிடும். அந்த நேரம் பார்த்து, இரண்டு குவளைத் தேநீரோடு படியேறி வந்த கணவன் ஒரு காலைப் பலகையில் வைக்கிறான். "ஐயோ, அப்படியே நில்லுங்க!" "எவ்வளவு நேரம்?" "நட்சத்திரம் வர்ற வரைக்கும்." "நல்லா இருக்கு! கல்யாணம் ஆன நாள்லேருந்து இப்படித்தானே நிக்கிறேன்." அவள் வாயைப் பொத்திக்கொள்கிறாள், குலுங்கிச் சிரித்தாலும் பலகை ஆடும்.

மலைமேல் செம்மை கருநீலமாகக் கரைகிறது. தேநீரின் ஆவி அடங்குகிறது. எங்கிருந்தோ ஒரு மேகம் வந்து முகட்டை மூடுகிறது. அவள் முகம் வாடிப்போகிறது. அவன் கால் மரத்தும் அசையவில்லை. மேகம் மெல்ல நகர்கிறது. முதலில் பார்ப்பது அவன்தான். கை காட்ட வழியில்லாமல் புருவத்தை உயர்த்துகிறான். அவள் திரும்புகிறாள். முகட்டுக்கு மேல் ஒரு வெள்ளைப் புள்ளி. க்ளிக்.

போய் வாருங்கள் கண்ணுகளா, உங்கள் வீட்டாருக்கெல்லாம் நட்சத்திரம் நிறைந்த வானமாக அமையட்டும்.