கோடு போடாத கோலம்

காளியம்மாவின் வாசலைப் பார்த்தாலே பக்கத்து வீட்டுப் பவளத்துக்குப் பொறுக்காது.

புள்ளி வைப்பாள் காளியம்மா. அதோடு சரி. கோடு இழுக்கவே மாட்டாள்.

அந்தப் புள்ளியாவது கோலப்புள்ளி மாதிரி இருக்குமா? ஒவ்வொன்றும் ஆப்பம் அளவு. ஓர் எட்டு வைக்கும் தூரத்துக்கு ஒன்றாக வாசற்படியில் கிளம்பி, லோங்காங் சாக்கடைமேல் போட்டிருக்கும் பலகையையும் தாண்டி, ரோட்டு விளக்கு வரைக்கும் போகும்.

மாவு மூட்டையில் ஓட்டை விழுந்து வழியெல்லாம் ஒழுகின மாதிரி இருக்கிறதென்று தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள் பவளம். புள்ளி வைத்துச் சேர்க்காமல் விட்டால் வீட்டுக்கு ஆகாது என்று நேரிலேயும் சொல்லிப் பார்த்தாள்.

"அவருக்கு இப்படி இருந்தாத்தான் பிடிக்குதுக்கா" என்பாள் காளியம்மா. வேறு பேச்சு இல்லை.

அவர் என்றால் புருசன் ராமையா. பெக்டரியில் கொழுந்தை வாட்டுவதற்குப் பரப்பிப் போடுகிற வேலை. விடியும் முன்னே கிளம்பிவிடுவார். அவர்மேலும் பவளத்துக்கு ஒரு வருத்தம் உண்டு. முன்பெல்லாம் வாய் நிறையப் பேசுகிற மனிதன், இப்போது காலையில் எதிரே நின்றாலும் பேசாமல் போகிறார். பொண்டாட்டி சோம்பேறி, புருசன் திமிர் பிடித்தவன், நல்ல ஜோடிதான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

எண்பத்து நாலாம் வருச வாக்கில் மாரியம்மன் திருவிழா வந்தது. ரதம் எங்கள் லயத்து வரிசை வீடுகள் வழியாகப் போகும். கோயில் தலைவர் அமிர்தலிங்கமும் தோட்டத்து ஆபீஸில் கணக்கு பார்க்கிற கிராணியும் முன்னால் நடந்து வருவார்கள். பவளம் கம்போங் ராஜா டவுன் வரைக்கும் போய்க் கலர்ப்பொடி வாங்கி வந்திருந்தாள்.

அன்றைக்கு விடியற்காலை இருட்டிலேயே தன் வாசலை முடித்துவிட்டுத் திரும்பினாள். பக்கத்தில் அதே மொட்டைப் புள்ளிகள். காளியம்மா உள்ளே போய்விட்டிருந்தாள்.

போகட்டும், லயத்து மானம் இது என்று பவளமே உட்கார்ந்துவிட்டாள். புள்ளியைச் சுற்றி வளைத்தாள், இதழ் போட்டாள், பச்சையும் சிவப்பும் நிரப்பினாள், ரோடு வரைக்கும் இழுத்தாள். இடுப்பில் கையை வைத்து நின்று பார்த்தபோது அவளுக்கே ஆசையாக இருந்தது.

கதவு திறந்தது. ராமையா தூக்குச்சட்டியோடு வந்தார். படியிலிருந்து ஒரு காலை எடுத்தார். வைக்காமல் இழுத்துக்கொண்டார். மறுபடி எடுத்தார். மறுபடி இழுத்துக்கொண்டார்.

கோலத்தை மிதிக்க மனசு வராமல் நிற்கிறார் என்று பவளத்துக்குப் பெருமை.

"காளி" என்று அவர் உள்ளே பார்த்து மெதுவாகக் கூப்பிட்டார். "வழியைக் காணோமே."

அவருக்கு நேர் எதிரே, கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றிருந்தாள் பவளம். அவர் அவளைப் பார்க்கவே இல்லை.

காளியம்மா ஓடி வந்தாள். வாசலைப் பார்த்தாள். பவளத்தைப் பார்த்தாள். திட்டவில்லை. அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போய் ரகசியமாகச் சொன்னாள்.

"அவருக்கு இருட்டுனா எதிர்ல நிக்கிற ஆளே தெரியறதில்லக்கா. கண்ணுக்குள்ள பின்பக்கம் ஒரு திரை இருக்காம். கொழுந்து மாதிரி அது வாடிக்கிட்டே வருது, மருந்து இல்லைன்னு ஈப்போ டாக்டர் சொல்லிட்டாரு. வெளிநாட்டுல அந்தத் திரையில பொடிப்பொடிக் கரண்டுக் கம்பி வைக்க முடியுமான்னு யோசிக்கிறாங்களாம். வெச்சாலும் புள்ளி புள்ளியாத்தான் தெரியுமாம். புள்ளி ஒழுங்கா இருந்தா மிச்சத்தை மூளையே சேர்த்துக்குமாம். அது எப்ப வருமோ? புள்ளிதானே, நானே வைக்கிறேன்னு வந்துட்டேன்."

முதலில் கோலம் மாதிரியே நெருக்கி வைத்தாளாம். இருட்டில் எல்லாம் பால் கொட்டின மாதிரி ஒன்றாகக் கலங்கிவிட்டது. பிறகு பெரிதாக்கி, தள்ளி வைத்து, நடுவே கறுப்புத் தரை விட்டாள். அதற்குப் பிறகுதான் அவர் கால் நம்பி நடந்தது.

"கையைப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போனா கிராணி காதுக்குப் போயிடும். வேலை போச்சுன்னா தோட்டத்து வீடும் போச்சுக்கா. கோலத்தை யாரு கேக்கப் போறா?"

பவளம் தன் வீட்டுக்குள் ஓடினாள். ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டு வந்து தன் பச்சையையும் சிவப்பையும் தானே கழுவிவிட்டாள். மாவை அள்ளி, படிக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தாள்.

"இது தெரியுதாண்ணே?"

"தெரியுது. யாரு, பவளமா? எப்ப வந்தே?"

"நான் இங்கதான்ணே நிக்கிறேன். ரொம்ப நாளா."

மத்தியானம் தூறிவிட்டு, பொழுது சாயும்போது மழை விட்டது. பவளம் மாவுக் கிண்ணத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கினாள். இருட்டிக்கொண்டு வரும் நேரத்தில் ரதம் எங்கள் லயத்துப் பக்கம் திரும்பியது. ஒவ்வொரு வீட்டு ஆம்பளையும் தேங்காய்த் தட்டை ரதத்துக்குத் தானே கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அதுதான் வழக்கம்.

அமிர்தலிங்கம் நின்றுவிட்டார். முகம் சுருங்கியது. முதல் வீட்டு வாசலில் ஆப்பம் அளவு புள்ளி. அடுத்த வீட்டிலும் புள்ளி. கடைசி வீடு வரைக்கும் அதேதான். பவளத்தின் வாசலில் கம்போங் ராஜா கலர்க் கோலம் இருந்த தடமே இல்லை.

"என்னம்மா இது, லயம் முழுக்க மொட்டைப் புள்ளி? கோடு போட இங்க ஒருத்தருமா இல்ல?" என்று கேட்டார். கிராணியும் எட்டிப் பார்த்தார்.

காளியம்மா வீட்டுக் கதவு திறந்திருந்தது. இரண்டு கையிலும் தட்டைப் பிடித்துக்கொண்டு, யாரும் தொடாமல், புள்ளிக்குப் புள்ளி கால் வைத்து, பலகையைத் தாண்டி, சிரித்த முகமாக வந்துகொண்டிருந்தார் ராமையா.

"புள்ளி வைக்கிறதுதான் எங்க வேலை தலைவரே" என்றாள் பவளம். "கோடு போடுற ஆளு அதோ வந்துகிட்டிருக்காரு. நீங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்க."