கார் கேட்ட கேள்வி

கல்யாண மண்டபத்தில் தனசீலன் தொலைத்த கார் சாவியை அவனுடைய மாமனார் சென்னியப்பன்தான் நாற்காலி நாற்காலியாகக் குனிந்து தேடினார். கிடைக்கவில்லை. காரைக் கட்டி இழுத்துப் போனபோது சர்வீஸ் சென்டருக்கும் கூடவே வந்தார்.

புதுச் சாவி வேண்டுமென்றால் கார் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். காரின் உரிமையாளர் உள்ளே தனியாக இருந்தபோது பேசியதைத்தான் அது கேட்கும்.

"மாமா, நீங்க வெளிய உக்காருங்க."

"நமக்குள்ள என்னங்க மாப்பிள்ளை ரகசியம்?"

கார் கனிவாகக் கேட்டது: "பொங்கலுக்கு வந்த மாமனாரை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு, கதவைச் சாத்தியதும் என்ன சொன்னீர்கள்?"

சென்னியப்பன் ஆவலோடு மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

"பாவம், நல்ல மனுசன்னு சொன்னேன்."

"தவறு. இன்னும் ஒரே வாய்ப்பு. தவறினால் கார் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும்."

தனசீலன் தலையைக் குனிந்துகொண்டு முணுமுணுத்தான்.

"கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லுங்கள்."

"சனியன் ஒழிஞ்சுதுன்னு சொன்னேன்."

நான்கு கதவுகளும் திறந்துகொண்டன. சென்னியப்பன் பேத்திக்கு வாங்கிய முறுக்குப் பையை முன்சீட்டில் வைத்து, அது சாயாமல் சீட் பெல்ட்டையும் மாட்டினார்.

"நான் பஸ்சுலயே போயிக்கறனுங்க மாப்பிள்ளை," என்றார். பிறகு கதவை மெல்லச் சாத்திவிட்டு, உள்ளே பேசுவது எதுவும் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதுபோல் வேகமாக நடந்தார்.