கிணற்றுப் பூதம்

நாற்பத்தோராவது நிமிடத்தில், மூன்றாவது வரிசையில் இருந்த ரெட்டைச் சடைச் சிறுமி கண்களை இறுக மூடிக்கொண்டாள். கத்திரியம்மா நெஞ்சோடு அணைத்திருந்த எழுது அட்டையில் அதைக் குறித்துக்கொண்டார். அட்டையில் செருகியிருந்த குட்டி விளக்கு அதற்காகவே எரிந்துகொண்டிருந்தது.

தணிக்கை அலுவலகத்தில் அவருக்கு அந்தப் பெயர்தான். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். தெரியும் என்பது மற்றவர்களுக்கும் தெரியும்.

அலுவலகத்துக்குள்ளேயே இருந்த சின்னத் திரையரங்கு அது. பன்னிரண்டு பிள்ளைகள், எல்லாரும் ஐந்திலிருந்து எட்டு வயது. பெற்றவர்களை வெளியே உட்கார வைத்தாயிற்று. ஏ.சி. குளிர் தாங்காமல் கறுப்பு ஸ்வெட்டரைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, திரைக்கு முதுகைக் காட்டி, பிள்ளைகளைப் பார்த்தபடி கத்திரியம்மா நாற்காலி போட்டிருந்தார்.

இது அவரே கண்டுபிடித்த முறை. போன வருஷம் பேசும் பூசணிக்காய்ப் படம் ஒன்றுக்கு, 'குழந்தைகள் பார்க்கலாம்' என்று நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். என் மகன் ஒரு வாரமாகத் தூங்கவில்லை என்று ஒரு தகப்பனிடமிருந்து கடிதம் வந்தது. மேலதிகாரி அதை எல்லார் முன்னாலும் உரக்கப் படித்தார். அன்றைக்கு அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இனி இன்னொரு பிள்ளை தன்னால் பயந்து அழக் கூடாது. அன்றே சபதம் போட்டார்.

"படத்தைப் பாத்தா ஏமாந்துடுவோம்யா. பிள்ளைங்க மூஞ்சியைப் பாத்தா ஏமாறவே மாட்டோம்" என்று உதவியாளரிடம் அடிக்கடி சொல்வார்.

இந்த முறையில் இதுவரை மூன்று படங்கள் வந்தன, மூன்றும் தேறவில்லை. குளத்து வாத்துகளைப் பற்றிய படத்துக்கே நாலு பிள்ளைகள் அழுதார்கள். ஒரு வாத்தைக்கூட ஒழுங்காகக் காட்டத் தெரியாத காலமாகிவிட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

இன்றைய படமோ 'கிணற்றுப் பூதம்', பேரிலேயே இருட்டு. நிழலைத் தொலைத்த ஒரு குட்டிப் பெண் அதைத் தேடிப் பாழுங்கிணற்றுக்குள் இறங்குகிறாளாம். உள்ளே ஒரு பூதம் வேறு.

காலையில் இயக்குநர் வாசலிலேயே மடக்கினார். "மேடம், அடுத்த வாரம் ஸ்கூல் லீவு. குழந்தைங்க பாக்கலாம்னு நீங்க சொன்னாத்தான் தியேட்டர்ல போடுவாங்க. ஆறு வருஷம் மேடம், ஒவ்வொண்ணா கையால வரைஞ்சோம். பெரியவங்களுக்கு மட்டும்னா அது யாருக்காக வரைஞ்சோமோ அவங்களே பாக்க முடியாது."

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? பிள்ளைங்க சொல்லட்டும்."

இப்போது பிள்ளைகள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். கத்திரியம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. படத்தை நிறுத்திவிடலாமா, பாதியில் நிறுத்தினால் அந்த ஆள் நீதிமன்றத்துக்குப் போவானா என்று மனசு அலைபாய்ந்தது. கால் தன் பாட்டுக்கு ஆடியது.

முதுகுக்குப் பின்னால் பூதம் உறுமியது. முன்பல் விழுந்த பையன் இரண்டு காலையும் இருக்கை மேல் தூக்கி வைத்துக்கொண்டான். குறித்தார்.

அடுத்தது தவளை தும்முகிற இடம். சிரிப்பதற்கென்றே வைத்த காட்சி என்று இயக்குநர் எழுதியே கொடுத்திருந்தார். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. இதென்ன கூத்து என்று கத்திரியம்மா முன்னால் குனிந்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, பல் விழுந்த பையனை உற்றுப் பார்த்தார்.

"அம்மா!" என்று வீறிட்டான் அவன். தொற்றிக்கொண்டதுபோல இன்னும் நாலு பேர் ஆரம்பித்தார்கள்.

அட பாவிகளா, தவளைக்கேவா! ஐந்து பேரையும் குறித்தார். பூசணிக்காய்க் கடிதம் கண் முன்னால் வந்து நின்றது.

படம் முடிந்து விளக்குகள் எரிந்தன. பெற்றவர்கள் ஓடி வந்து பிள்ளைகளை வாரி அணைத்துக்கொண்டார்கள். பின்னாலேயே இயக்குநரும் வந்தார். உள்ளே கேட்ட அழுகையில் முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஒம்பது பேர் கண்ணை மூடினாங்க. அஞ்சு பேர் அழுதாங்க" என்று கத்திரியம்மா அட்டையைப் பார்த்துப் படித்தார். "மன்னிச்சுக்குங்க. பெரியவங்களுக்கு மட்டும்தான்."

"எந்த இடம்னு சொல்லுங்க மேடம், வெட்டிடறேன்."

"ஒரு இடமா ரெண்டு இடமா? தவளை தும்மினதுக்கே அழுதாங்க!"

"தவளைக்கா?" இயக்குநருக்கு எதுவும் விளங்கவில்லை. தாயின் பின்னால் ஒளிந்திருந்த ரெட்டைச் சடைச் சிறுமியின் முன் மண்டியிட்டு உட்கார்ந்தார். "கண்ணு, கிணத்துப் பூதம் உன்னை ரொம்ப பயமுறுத்திடுச்சா?"

சிறுமி தலையாட்டி மறுத்தாள். "பூதம் பாவம். எனக்கு அதை ரொம்பப் பிடிச்சிருக்கு."

"அப்புறம் எதுக்கும்மா கண்ணை மூடிக்கிட்டே?"

கத்திரியம்மா கையெழுத்துக்காகப் பேனாவைத் திறந்தார். அட்டையில் குட்டி விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

சிறுமி இயக்குநரின் காதருகே வந்தாள். ஆனாலும் அவள் சொன்னது அரங்கம் முழுக்கக் கேட்டது.

"படத்துக்குக் கீழ, இருட்டுல ஒரு தலை மட்டும் எங்களையே முறைச்சுக்கிட்டு இருந்துச்சே அங்கிள், அதைப் பாத்துத்தான்!"