தூரத்து சர்வர்

"வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஃபயர்வால் ரூல் போட்டது யாருங்க?"

கேட்டவள் ஒரு ஆஸ்பத்திரியின் நெட்வொர்க் முழுவதையும் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்ப்பவள். அவளிடம் போய் மறைக்க முடியுமா? புருஷன் டீ கப்புக்குள் பார்த்துக்கொண்டே, "நான்தான்" என்றான்.

"எதுக்கு?"

"கேமுக்கு."

விஷயம் இதுதான். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் அவன் கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஆடுவான். எந்த சர்வரில் ஆடுவது என்று ஆடுகிறவன் சொல்ல முடியாது. கிட்டத்தில் எது இருக்கிறதோ, அதில் கேமே கொண்டுபோய் இறக்கிவிடும். இவன் அந்தக் கிட்டத்து சர்வரை, கம்ப்யூட்டருக்குக் காவல்காரன் மாதிரி இருக்கிற ஃபயர்வாலில் அடைத்துவிட்டான். முன்வாசல் பூட்டியிருந்தால் பின்வாசலுக்குப் போகிற மாதிரி, கேம் இப்போது கடல் தாண்டி இருக்கிற இன்னொரு சர்வருக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அங்க எல்லாரும் சோப்ளாங்கியா? இளைச்சவனாப் பார்த்து ஜெயிக்கணுமா உங்களுக்கு?"

"சேச்சே!"

"அப்ப ஆடுங்க, பார்க்கறேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பார்க்கப் பார்க்கத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சர்வர் அவ்வளவு தூரத்தில் இருந்ததால், ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. அது போதாதென்று இந்த மனுஷன் ஒவ்வொரு வளைவுக்கும் ஒழுங்காக இண்டிகேட்டர் வேறு போட்டான்!

"ஏங்க, ரேஸ்ல எவனாவது இண்டிகேட்டர் போடுவானா?"

"பழக்கதோஷம்" என்றான். கடைசி ஆளாக வந்து சேர்ந்தான்.

"தோக்கறதுக்கா இவ்வளவு மெனக்கெட்டீங்க? மழுப்பாம சொல்லுங்க. அங்க யாரு இருக்கா?"

அவன் நெளிந்தான். "கிழச்சிங்கம்னு ஒருத்தர்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிழச்சிங்கம் அவளுடைய அப்பா! கடல் தாண்டி அண்ணன் வீட்டோடு போய்விட்டவர். அங்கே பொழுது போகாமல் இந்த ரேஸைக் கற்றுக்கொண்டு, கேமில் வைத்துக்கொண்ட அந்தப் பெயரைப் போனில் வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிச் சொல்லிப் பீற்றிக்கொள்வார்.

ஆனால் மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் பேச்சே கிடையாது. ஆயுசு முழுக்க பஸ் ஓட்டிய மனுஷரிடம் போய், "உங்களுக்கு வயசாயிடுச்சு மாமா, சாவியைக் குடுங்க, நான் ஓட்டறேன்" என்று இவன் ஒருநாள் நல்ல மனசோடு சொல்லப்போக, அவர் விருட்டென்று காரை விட்டு இறங்கி நடந்தே வீடு போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு மூடிய வாய். ஊரை விட்டுக் கிளம்பும்போதுகூட இவனிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. நடுவில் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி வாங்கியது இவள்தான்.

"நேர்ல மன்னிப்பு கேட்டப்ப மூஞ்சியைத் திருப்பிக்கிட்டார். அதான் தினமும் போய் அவர்கிட்ட தோத்துட்டு வரேன். ஜெயிச்சதும் ஹாரனை விடாம அடிப்பார் பாரு, கேக்கவே சந்தோஷமா இருக்கும். நான்தான்னு அவருக்குத் தெரியாது."

"வேணும்னே விட்டுக்குடுக்கறீங்களா?"

"அதெல்லாம் தேவையே இல்ல. அவர் நெஜமாவே நல்லா ஓட்டறார்."

இந்த ஆளையா சந்தேகப்பட்டோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"ஆனா, ஒரு வாரமா அவரைக் காணோம்" என்றான். முகம் வாடிவிட்டது. "இன்னிக்கும் வரலை. எனக்கு என்னவோ போல இருக்கு. ஒரு போன் போட்டு உடம்பு எப்படி இருக்குன்னு கேளேன். நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிடாதே."

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"உடம்பா? எனக்கென்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன்" என்றார் அப்பா.

"கேம் ஆடறதை விட்டுட்டீங்களாப்பா?"

"விடறதாவது! இங்க ஒருத்தன் தினமும் வந்து என்கிட்ட தோத்துட்டுப் போவான். பாவம், அவன் வண்டி இழுத்து இழுத்து வரும். கம்ப்யூட்டர் கடைக்காரர்கிட்ட விசாரிச்சேன். 'தூரத்துல இருந்து இந்த சர்வருக்கு வர்றவனா இருக்கும், அதான்'னார். அப்படிப்பட்டவனை ஜெயிக்கறது ஒரு ஜெயிப்பாம்மா? நான் டிரைவர்!"

"அதுக்கு?"

"என்னவோ ஃபயர்வாலாமே, கடைக்காரரையே விட்டு இங்க இருக்கற சர்வரை அடைக்கச் சொல்லிட்டேன். இப்ப உங்க பக்கத்து சர்வர்லதான் ஆடறேன். அவன் சௌகரியமா ஓட்டட்டும், என் வண்டி இழுத்தா இழுத்துட்டுப் போவுது."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வாரமாக இவன் அங்கே போய் அவருக்காகக் காத்திருக்கிறான். அவர் இங்கே வந்து இவனுக்காகக் காத்திருக்கிறார்! அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏம்ப்பா, அவன் எங்க பக்கத்து ஆளுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆமா, பெரிய சிதம்பர ரகசியம்! ஈ காக்கா இல்லாத ரோட்டுலயும் வளைவுக்கு வளைவு இண்டிகேட்டர் போடற மனுஷன் உலகத்துலயே ஒருத்தர்தானே?"

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு வாரமா ஆளைக் காணோம். மாப்பிள்ளைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையாம்மா?"