இருநூறு கிராம் சோறு

2017 அக்டோபர் 15, ஞாயிற்றுக்கிழமை. மன்னார்குடியில், பெண் பார்க்க ஆட்கள் வர இருந்த ஒரு வீட்டில், கல்யாணப் பெண் ரோஸ்லின் அப்பாவுக்கான சோற்றைத் தராசில் வைத்து எடை போட்டுக்கொண்டிருந்தாள்.

"இருநூத்தி மூணு காட்டுதுப்பா."

"அந்த மூணை எடுத்துடும்மா" என்றார் ரெமிஜியஸ்.

எல்சி கணவரை முறைத்தாள். "இன்னிக்கு ஒருநாள் அந்தச் சனியனைப் பரண்ல போடுங்க. ரெண்டு எடம் இந்தத் தராசாலதான் தட்டிப்போச்சு."

அவள் சொன்னதில் தப்பில்லை. சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ரெமிஜியஸ், பெட்டியோடு ஒரு பைத்தியத்தையும் கொண்டுவந்திருந்தார். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவெளி இல்லாமல் முடிக்க வேண்டிய டிரையத்லான் போட்டி. ஐம்பத்திரண்டு வயதில் வாய்க்காலில் நீந்தினார், பட்டுக்கோட்டை வரை சைக்கிள் மிதித்தார், வந்து இறங்கியதும் ஓடினார்.

அதற்குத் தகுந்த சாப்பாடு வேண்டும். சோறு இவ்வளவு, முட்டை இவ்வளவு, சக்கரவள்ளிக்கிழங்கு இவ்வளவு என்று எல்லாமே அளவுதான். கல்யாணப் பந்தியில் இலையை ஒதுக்கிவிட்டுச் சொந்த டிபன் பாக்ஸைத் திறந்தவர் அவர் ஒருவர்தான்.

உடம்பும் வற்றிப்போகவே ஊர் முடிவு கட்டிவிட்டது. மனிதருக்குச் சர்க்கரை முற்றிவிட்டது. அப்பனுக்கு இருந்தால் மகளுக்கும் வரும். ரோஸ்லினுக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது.

சர்ச்சில் ரெண்டாம் பூசை முடிந்து தஞ்சாவூரிலிருந்து மரியபுஷ்பமும் அவர் மகன் எல்வினும் வந்தார்கள். பையனுக்கு வங்கியில் வேலை. தராசு பரணுக்குப் போயிருந்தது.

பெண் பிடித்தால்தான் அந்த வீட்டில் கை நனைப்பது வழக்கம். மரியபுஷ்பமோ உட்கார்ந்ததுமே, "மத்தியானம் இங்கேயே சாப்பிட்டுடுறோம்ணே. எல்வின் மட்டும் சரியா ஒரு மணிக்குச் சாப்பிட்டுடணும்" என்றார். எல்சி சிலுவை போட்டுக்கொண்டு இலை நறுக்கப் போனாள்.

ரோஸ்லின் ஜாங்கிரித் தட்டோடு வந்தாள். எல்வின் ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். பிடித்துவிட்டது என்பது ரெமிஜியஸுக்கே தெரிந்தது.

"நீங்க எல்லாத்தையும் அளந்துதான் சாப்பிடுவீங்களாமேண்ணே?" என்று கேட்டார் மரியபுஷ்பம்.

வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு சென்னையில் போட்டி. எட்டு மாதமாக அவர் இனிப்பைத் தொட்டதில்லை. ரெமிஜியஸ் ஒரு ஜாங்கிரியை எடுத்து முழுதாக வாயில் போட்டார்.

"யாரோ வேண்டாதவங்க கிளப்பி விட்டதுங்க."

"ரோஸ்லின்தான் எடை போட்டுத் தரும்னாங்க?"

"அதுக்குத் தராசைப் பிடிக்கவே தெரியாது." இரண்டாவது, மூன்றாவது. "எங்க வீட்ல கைக்கு வந்ததை அள்ளிப் போடுறதுதான்."

ரோஸ்லின் வாயைத் திறந்தாள். எல்சி பின்னாலிருந்து கிள்ளினாள். ரெமிஜியஸ் ஆறாவதை விழுங்கியபோது தட்டு காலியாகிவிட்டது.

மரியபுஷ்பம் மகனைப் பார்த்தார். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அப்ப நாங்க கிளம்புறோம்ணே."

"ஏங்க? இலை போட்டாச்சே! எனக்குச் சர்க்கரை கிடையாதுங்க. வேணும்னா ரிப்போர்ட் காட்டவா?"

"உங்களுக்கு இல்லண்ணே. இவனுக்குப் பதினோரு வயசுலேருந்து இன்சுலின். சோத்தை எடை போட்டுப் பழகின பொண்ணுன்னு கேள்விப்பட்டுத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்."

எல்வின் கையிலிருந்த ஜாங்கிரியை முழுதாகத் தட்டில் வைத்தான்.

"ஐயோ, எடை போடுவாளுங்க! தினமும் போடுவா! கிராம் கணக்குல!" ரெமிஜியஸ் பரணைக் காட்டினார். விரலிலிருந்து பாகு சொட்டியது.

மரியபுஷ்பம் அந்த விரலைப் பார்த்தார்.

"பொண்ணுக்காக இப்படிப் பொய் சொல்லாதீங்கண்ணே."