வேப்பங்கொத்து

"முன்னாடி எந்த மருந்தாவது பிள்ளைக்கு ஒத்துக்காமப் போயிருக்கா?" என்று சிரப்பை எழுதிக்கொண்டே டாக்டர் கேட்டார். "இல்லைங்க" என்றாள் பவளக்கொடி. போன வருஷம் இதே சிரப்பைக் குடித்த மூன்றாம் நாள், மகள் நறுமுகையின் உடம்பெல்லாம் சிவந்து தடித்தது. அம்மை என்று மருந்தை நிறுத்தி, வாசலில் வேப்பிலை செருகினாள். ஆத்தா வந்துபோனதை டாக்டரிடம் சொல்வார்களா யாராவது? வீட்டுக்கு வந்ததும், காய்ச்சி ஆறிய தண்ணீரை மருந்துத்தூள் இருந்த பாட்டிலில் கோடுவரை ஊற்றிக் குலுக்கி, ஒரு மூடி புகட்டினாள். கால் மணி நேரத்தில் அதே தடிப்பு. உதடு வீங்கி, மூச்சு இழுத்தது. "ஆத்தா, மறுபடியும் வந்துட்டியா?" பவளக்கொடி வேப்பமரத்துக்கு ஓடினாள். எட்டாத கிளைக்கு எம்பி எம்பி ஒரு கொத்து ஒடிப்பதற்குள், உள்ளே இழுப்புச் சத்தம் அடங்கியது. ஆத்தா குளிர்ந்துவிட்டாள் என்று மரத்தடியிலேயே கைகூப்பினாள்.