வசனம் மட்டும் தெளிவா

“செவிடன் காதுல ஊதுறதுக்கு, இவ்வளவு விலையில எதுக்குங்க சங்கு?”

கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அந்த அம்மா போட்ட போட்டில், ஹோம் தியேட்டர் பிரிவில் நின்ற விற்பனைப் பெண்ணுக்குத் தூக்கிவாரிப் போட்டது. செவிடன் என்றது பக்கத்தில் நின்ற கணவரைத்தான். அவரோ அவர் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“எனக்குக் காது கொஞ்சம் மந்தம்மா. வீட்டுல படம் போட்டா இவ பாதியில எழுந்து போயிடுறா. ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து ஒரு படத்தையாவது முழுசா பார்த்துடணும். அதுக்குத் தோதா, ஸ்பீக்கருக்கெல்லாம் சத்தத்தைப் பிரிச்சு அனுப்புற ரிசீவர் ஒண்ணு எடுத்துக் குடு.”

“எழுந்து போகாம? ‘சத்தத்தை ஏத்து, ஏத்து’ன்னு உயிரை வாங்கினா எவ உக்காருவா?”

அடேயப்பா, என்ன வாய்! புருஷன் என்று ஒரு மரியாதை வேண்டாமா? பெண் மனதுக்குள் பொருமிக்கொண்டே முதல் ரிசீவரைப் போட்டுக் காட்டினாள். திரையில் குண்டு வெடித்தது. கண்ணாடி அலமாரி கிடுகிடுத்தது.

“குண்டெல்லாம் வேண்டாம்மா. ஆளுங்க பேசுறது கேக்கணும்.”

“அப்போ இது சரியா வரும் சார். நடு ஸ்பீக்கர்லதான் வசனம் வரும். அதை மட்டும் தனியா ஏத்திக்கலாம்.”

ஏற்றிக் காட்டினாள். அவருக்கு முகம் மலர்ந்தது. ஆனாலும் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று உற்றுப் பார்த்தார்.

“வாய் முன்னாடி போகுது, பேச்சு பின்னாடி வருதே?”

“இம்மியளவுதான் சார். யாருக்கும் தெரியாது.”

“தெரியும்மா. உதடும் பேச்சும் ஒட்டிப் போகணும்.”

“பிளேயரை டிவியில சொருகி, டிவியிலேர்ந்து சத்தத்தை ரிசீவருக்குக் கொண்டு வந்திருக்கோம் சார், அதான். பிளேயரை நேரா ரிசீவர்ல சொருகி, அங்கேயிருந்து படத்தை டிவிக்கு அனுப்பினா சரியாயிடும். அதுக்கு எச்டிஎம்ஐ சொருகுற இடம் நிறைய இருக்கிற மாடலா வேணும். விலை கூட.”

“கூடினா கூடட்டும்.”

“காதே கேக்காத மனுஷனுக்கு உதட்டைப் பத்தி என்ன ஆராய்ச்சி பாரு!” என்று அந்த அம்மா சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

படத்தை நிறுத்திவிட்டு, அறையின் பின்பக்கம் கேபிள் எடுக்கப் போன பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. அங்கே நின்ற சக ஊழியரிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“பாவம் சார் அந்த மனுஷன். இப்படி ஒரு ராட்சசிகிட்ட மாட்டிக்கிட்டு…”

“ராட்சசியெல்லாம் இல்லம்மா. தங்கமானவ.”

திரையோரம் நின்ற கணவர்தான் பதில் சொன்னார். பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நடுவில் சோபாவில் இருந்த அந்த அம்மா மட்டும் திரும்பவே இல்லை. ரிமோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் பெண்ணின் பக்கத்தில் வந்தார். “காது மந்தம் எனக்கில்லம்மா, அவளுக்கு. ‘உனக்குக் கேக்கல’ன்னு சொன்னா சுருண்டு போயிடுவா. எனக்குக் கேக்கலைன்னு சொன்னா சத்தத்தை ஏத்திக்கலாம், அவளும் என்னை வாய் நிறையத் திட்டிக்கலாம். மிச்சத்தை உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்குவா. காட்டிக் குடுத்துடாதே.”

பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரம் முன்னால் நினைத்ததற்கெல்லாம் வெட்கமாக இருந்தது. அவர் பில் போடப் போனதும் அந்த அம்மா எழுந்து வந்தாள்.

“மேடம்! வீட்டுக்கு ஆள் வந்து மாட்டிக் குடுத்துடுவாங்க!” பெண் குரலை நன்றாக உயர்த்தினாள்.

“கத்தாதேம்மா. அவர் உன்கிட்ட என்ன சொன்னார்னு கேக்க மாட்டேன். கேட்டாலும் எனக்குக் கேக்காது.”

பெண் திகைத்தாள். “மேடம்… உங்களுக்குத் தெரியுமா?”

அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா சிரித்துவிட்டாள். “என் காதைப் பத்தி எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதே.”

“ஏன் மேடம்? இப்போ நல்ல நல்ல காது மெஷினெல்லாம் வந்திருக்கே!”

“அதான் பயமே. கல்யாணம் ஆனதிலேர்ந்து பேப்பரைப் பார்த்துக்கிட்டேதான் என்கிட்ட பேசுவார். இந்த நாடகம் ஆரம்பிச்ச அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்துப் பேசுறார். உண்மையைச் சொன்னா, ஒரு மெஷினை வாங்கி என் காதுல மாட்டிவிட்டுட்டு, மனுஷன் மறுபடியும் பேப்பருக்குள்ள போயிடுவாரும்மா!”